பழைய மோட்டார் சைக்கிள் ஃப்ரேமில் இறுகிப்போன பாகங்களைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் ஈரத்தில் நின்ற வண்டியைப் பிரிக்க உட்காருபவருக்கு முதல் நாளிலேயே எழும் கேள்விகள் இவை. என்ஜினுக்குள் இறுகிய பிஸ்டன், வால்வு போன்றவை இங்கே இல்லை; அது தனிக் கதை. ஃப்ரேம், அதில் தொங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குவது), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் ஆடும் கை), ஸ்டாண்டு, சக்கரம், இவற்றைப் பிடித்திருக்கும் நட்டு போல்ட்டுகள் மட்டுமே பேச்சு. பதில்களில் ஒரு பக்கச்சாய்வு இருக்கிறது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்: போல்ட் போனால் போகட்டும், ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைப்பவன் நான்.

கழற்றும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பெரிய நட்டுகளிலிருந்து. ஆனால் அவற்றைக் கழற்றிவிடாமல் தளர்த்தி மட்டும் வையுங்கள். இரண்டு சக்கரங்களும் என்ஜினும் ஃப்ரேமில் இருக்கும்வரை வண்டி தன் எடையால் தரையில் ஊன்றி நிற்கும்; நீண்ட கைப்பிடி போட்டு இழுத்தாலும் தாங்கும். ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, வெறும் ஃப்ரேமைக் காலால் மிதித்துக்கொண்டு ஸ்விங் ஆர்ம் நட்டைத் திருப்பினால் நட்டுக்குப் பதில் ஃப்ரேம்தான் சுழலும்.

ஸ்விங் ஆர்ம் நட்டு, ஸ்டியரிங் தலை நட்டு, சக்கர ஆக்ஸில் நட்டுகள், ஃபோர்க்கின் மேல் மூடிகள், என்ஜினைத் தாங்கும் நீண்ட ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) ஆகியவற்றை முதலில் அசைத்துப் பாருங்கள். அசைந்ததும் மறுபடி கையால் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இழுக்கும்போது வண்டி சாய்ந்துவிடாதபடி இருபுறமும் கயிறோ பட்டையோ கட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை (திருகுப் பள்ளங்களை) கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகும்வரை தேயுங்கள். நட்டு தளர்ந்த பிறகு பயணம் செய்யப்போவது அந்த மரையின் மேல்தான். அங்கே காய்ந்த பெயிண்டும் துருவும் மண்ணும் அடைத்திருந்தால், பாதி வழி வந்த நட்டு மறுபடி சிக்கும். இம்முறை இன்னும் மோசமாக. இதைச் செய்யாமல் நேராக ஸ்பேனரை எடுப்பதால்தான் பாதி போல்ட்டுகள் உடைகின்றன என்பது என் எண்ணம்.

பாகங்கள் இப்படி இறுகுவது எதனால்? எல்லாம் துருதானே?

பெரும்பாலும் துருதான், ஆனால் எப்போதும் அல்ல. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளியைத் துரு நிரப்பி, பிறகு இரண்டு பக்கமும் நெருக்கத் தொடங்குகிறது. அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் இருந்தால் கதை வேறு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் ஒரு சிறு பேட்டரியாக மாறிவிடும், அரிக்கப்படுவது அலுமினியம். வெளியே தெரியும் வெள்ளைப் பொடி அதன் அடையாளம். என்ஜின் பெட்டியின் துளைகள் வழியாகச் செல்லும் நீண்ட ஸ்டட்டுகள் முழு நீளத்துக்கும் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

துருவே இல்லாமல் இறுகுவதும் உண்டு. ஆக்ஸிலோ ஸ்டட்டோ எளிதாகச் சுழல்கிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது என்றால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள், அது வளைந்திருக்கலாம். அல்லது முன்பு யாரோ சுத்தியலால் அடித்ததில் அதன் முனை விரிந்து குடையாகியிருக்கும். விரிந்த முனை எந்தப் புஷ்ஷுக்குள்ளும் (தண்டைச் சுற்றியிருக்கும் உறைக்குள்) நுழையாது. இரண்டு நிமிடம் அரம் போட்டு விளிம்பைத் தேய்த்தால் வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று, ஸ்டாண்டு போல்ட்டுகளில் அடிக்கடி பார்ப்பது: வருடக்கணக்கில் ஒரே பக்கம் உராய்ந்து போல்ட்டின் உடலில் ஒரு படி விழுந்திருக்கும். அந்தப் படி துளையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் எடையைத் தூக்கிப் பிடித்து, போல்ட்டை அரைச் சுற்றுத் திருப்பி இழுத்தால் வந்துவிடும்.

எந்த எண்ணெய் நல்லது?

இறுகியதைத் தளர்த்துவதற்கென்றே விற்கப்படும், மரைக்குள் ஊடுருவும் மெல்லிய எண்ணெய் எதுவானாலும் சரி. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 இந்த வேலைக்கென்று பிறந்ததல்ல. 1953-ல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கப்பட்டது அது. வேறு கிடைக்காவிட்டால் பயன்படுத்தலாம்.

ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து பயன்படுத்துபவர்கள் நிறைய. அசிட்டோன் மெல்லியதாக உள்ளே ஓடி ஆவியாகிவிடும், எண்ணெய் அங்கேயே தங்கிவிடும் என்பது அதன் தத்துவம். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகக் கலக்காது. ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், ஒரு பொறியில் தீப்பிடிக்கும். அதை ஊற்றிய அன்று டார்ச்சைக் கையில் எடுக்காதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், போல்ட்டின் இரண்டு முனைகளிலும் விட்டு, ஒவ்வொரு முறையும் தலையில் சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. தட்டும் அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல்கள் விழும். எண்ணெய் நுழைவது அவற்றின் வழியாகத்தான். ஒரு வாரம் இப்படிக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குள் செய்ய வேறு வேலை இல்லாத பழைய வண்டி உலகில் கிடையாது.

என் ஸ்பேனர் எதுவும் சரியாகப் பொருந்தவில்லையே?

பழைய பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் பொருந்தாதுதான். அவற்றில் இருப்பது விட்வொர்த் வரிசையைச் சேர்ந்த தலைகள். ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை அளவுமுறையிலிருந்து வந்தவை அவை. அந்த ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. அகலம். 13 ஸ்பேனர் நுழையாது. 14 ஸ்பேனர் நுழையும், ஆனால் மூலைகளைத் தின்றுவிடும். இறுகிய நட்டின் மேல் 14-ஐப் போட்டு இழுப்பது அதன் மரண ஓலைக்குக் கையெழுத்துப் போடுவதுதான்.

அங்கேயும் குழப்பம் உண்டு. மரைகளில் சில 55 டிகிரிக் கோணம் கொண்டவை; அதே வண்டியில் சைக்கிள் மரை எனப்படும் 60 டிகிரி நுண்மரையும் இருக்கும், பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. 1960களின் பிற்பகுதியில் பிஎஸ்ஏ, டிரையம்ப் போன்றவை படிப்படியாக அமெரிக்க அங்குல மரைக்கு மாறியதால், அக்கால வண்டி ஒன்றிலேயே இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும். ஒரு மரை அளவி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு எதுவானாலும், பன்னிரண்டு மூலை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு மூலை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

ஜப்பானிய வண்டியின் ஸ்க்ரூ தலைகள் எல்லாம் நசுங்குகின்றன. ஏன்?

அவை பிலிப்ஸ் ஸ்க்ரூ அல்ல என்பதால். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஜப்பானியத் தர அளவுக் கூட்டல்குறித் தலையின் வடிவம் வேறு. பல ஸ்க்ரூக்களில் தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருக்கும். அதற்குரிய முனையை வாங்கி, சுத்தியலால் அடித்தால் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவரில் மாட்டி அடியுங்கள். அடி முனையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்புவதால் நழுவாது. ஏற்கெனவே நசுங்கிய தலையென்றால், அதன் விளிம்பில் கூர் உளியை வைத்து, தளரும் திசையில் சாய்த்துத் தட்டலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் சந்தேகம் வருமா?

வரும், வர வேண்டும். சில பிரிட்டிஷ் வண்டிகளில் சக்கர பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையம் இடது மரை கொண்டது. வெளியே நீட்டும் மரையைப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும். தெரியாத இடத்தில் அந்த மாடலின் பாகப் பட்டியலைப் பார்க்காமல் பலத்தைக் காட்டாதீர்கள்.

எவ்வளவு பலம் கொடுக்கலாம்? உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். கைக்குத் தெரியும், காதுக்கும் தெரியும்.

முதலில் தளர்த்தும் திசையில் போகாமல், முடுக்கும் திசையில் ஒரு சிறு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். துருவின் பிடி அந்தப் பக்கமாக விட்டாலும் விட்டதுதான். பிறகு தளர்த்தும் பக்கம் மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். நல்லபடியாக விடும் போல்ட் "டக்" என்று ஒரு கூர்மையான ஒலியோடு விடும், அல்லது கிறீச்சிட்டுக்கொண்டே நகரும். இரண்டும் நல்ல ஒலிகள்.

கெட்டது ஓசையில்லாமல் வரும். கைப்பிடி நகர்கிறது, ஆனால் எதிர்ப்பு கூடவில்லை. ரப்பரைத் திருப்புவதுபோல் ஒரு குழைவு. நட்டு தளர்கிறது என்று மனம் மகிழ்வதற்கு முன் நிறுத்துங்கள். போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் சுற்றில் கையோடு வந்துவிடும். தலைக்கும் அதன் எதிர்முனைக்கும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இது கண்ணுக்கே தெரியும்: தலையின் கோடு நகர்ந்து, எதிர்முனையின் கோடு நிற்கிறது என்றால் இடையில் இரும்பு முறுக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, அடுத்த கட்டமான சூட்டுக்குப் போக வேண்டும்.

நகரத் தொடங்கிய போல்ட்டையும் ஒரே மூச்சில் வெளியே எடுக்காதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று. உதிர்ந்த துரு மரையில் குவிந்து மறுபடி சிக்கவிடாமல் இருக்க வேறு வழியில்லை.

இம்பாக்ட் ரெஞ்ச் போட்டால் எல்லாம் நொடியில் வந்துவிடாதா?

பெரிய நட்டுகளுக்கு அருமையான கருவி. 8 மி.மீ.க்கும் குறைவான பழைய ஸ்டட்டில் அதை வைத்தால் மேலே சொன்ன ஒலியும் தெரியாது, குழைவும் தெரியாது. உடைந்த துண்டுதான் தெரியும்.

சூடு எப்படி உதவுகிறது? போல்ட்டைச் சுட வேண்டுமா, அதைச் சுற்றியுள்ளதையா?

சுற்றியுள்ளதை. நட்டையோ, போல்ட் செல்லும் கண்ணையோ வேகமாகச் சூடாக்கினால் அது விரியும். உள்ளே இருக்கும் போல்ட்டுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் திருப்பிவிட வேண்டும். கணக்கு சிறியதுதான். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிகிறது, அலுமினியம் சுமார் 23 பங்கு. அலுமினியத்தில் உள்ள 20 மி.மீ. துளை 100 டிகிரி சூடேறினால் 0.046 மி.மீ. பெரிதாகும். அதே அளவு சூடேறிய எஃகுத் தண்டு 0.024 மி.மீ.தான் பருக்கும். மிஞ்சும் 0.02 மி.மீ. சொற்பமாகத் தோன்றலாம், பிடிப்பு தளர அது போதும். அலுமினியத்துக்குள் எஃகு இருக்கும் இடங்களில் சூடு இவ்வளவு நன்றாக வேலை செய்வதன் காரணம் இதுதான்: இரண்டும் சேர்ந்து சூடானாலும் பரவாயில்லை.

எஃகுக்குள் எஃகு என்றால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே விரிவைவிடத் துருவின் பிணைப்பு நொறுங்குவதுதான் பலன். சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, இடையிடையே தட்டி... இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு திருப்புங்கள்.

மெழுகு வித்தை ஒன்று இருக்கிறது. போல்ட் நன்றாகச் சூடானதும் டார்ச்சை அணைத்துவிட்டு, சாதாரண மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொடவையுங்கள். உருகிய மெழுகு வெளியே வழியாமல் உள்ளே இழுக்கப்படுவதைப் பார்க்கலாம். நட்டின் மறுபக்கத்திலும் ஒரு ஈரக்கோடு தெரிந்தால் வழுக்குப்பொருள் மரை முழுக்கப் பரவிவிட்டது என்று பொருள். மெழுகு தொட்டவுடன் புகைந்து தீப்பிடித்தால் சூடு அதிகம், கொஞ்சம் பொறுங்கள்.

எவ்வளவு சூடு வரை போகலாம்?

அலுமினியத்தில் மிகுந்த எச்சரிக்கை. அது சுமார் 660 டிகிரியில் உருகும், கலப்புகள் அதற்கும் முன்பே. சிவந்து எச்சரிக்காமல் திடீரெனச் சரிந்துவிடும். உறுதி குறைவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். எச்சில் சீறும் சூடு போதும்.

பழைய ஃப்ரேம்களில் பெரும்பாலானவை குழாய்களை வார்ப்பு மூட்டுகளுக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைத்தவை. அந்தப் பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். இரும்பு மங்கலாகச் சிவப்பது 600 டிகிரி வாக்கில். ஆகவே மூட்டின் அருகே மங்கிய சிவப்பைக் கண்டதும் நிறுத்துங்கள். ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் மூட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிவந்த ஃப்ரேமின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிவந்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள். அதன் பதம் போய்விட்டது.

டார்ச் பிடிக்கும்போது ஆபத்துகள் என்னென்ன?

பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

க்ளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சுட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். பழைய போல்ட்டுகள் பலவற்றின் பூச்சு காட்மியம். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகப் பூச்சின் புகை காய்ச்சலைக் கொடுக்கும். சில எண்ணெய் சீல்கள் ஃப்ளோரின் கலந்த ரப்பரால் ஆனவை. கருகினால் மிகக் கொடிய அமிலத்தை விடும், கருகிய எச்சத்தை வெறும் கையால் தொடக்கூடாது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வேலை செய்யுங்கள். அடைபட்ட குழாய்க்குள் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும்; 1971 முதல் வந்த பிஎஸ்ஏ, டிரையம்ப் 650 வண்டிகளின் ஃப்ரேம் குழாயே எண்ணெய்த் தொட்டி என்பதை நினைவில் வையுங்கள்.

டார்ச்சோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். டிரம்மைத் திறந்து காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஸ்விங் ஆர்ம் தண்டு அசையவே இல்லை. என்ன செய்வது?

ஃப்ரேம் வேலையில் எல்லோரையும் அழவைக்கும் இடம் இது. தண்டு நீளமானது, கிரீஸ் செலுத்தும் சிறு வாயான நைப்பிள் அடைத்துப்போய்ப் பல ஆண்டுகள் உள்ளே எதுவும் சென்றிருக்காது, நீர் தெறிப்பது நேராக அங்கேதான்.

முதலில் நைப்பிளைக் கழற்றித் துளையைக் கம்பியால் சுத்தம் செய்து, புதிய நைப்பிள் போட்டு, கிரீஸ் துப்பாக்கியில் கிரீஸுக்குப் பதில் கெட்டியான எண்ணெயை நிரப்பி அழுத்துங்கள். துப்பாக்கி கொடுக்கும் அழுத்தம் சாதாரணமானதல்ல. வழி கிடைத்தால் ஒரு முனையில் பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டால் பாதி வெற்றி.

அடுத்தது, தண்டை வெளியே தள்ளும் முன் சுழற்றப் பாருங்கள். தலையில் ஆறு மூலை இருந்தால் நீண்ட கைப்பிடி போட்டு முன்னும் பின்னும். சுழலும் தண்டு வந்துவிடும்; சுழலாததை அடித்து எடுப்பது கடினம்.

அடிப்பதாக இருந்தால் நட்டை மரை முனைக்குச் சமமாக வரும்வரை திருகிவிட்டு, அதன் மேல் பித்தளை அல்லது செம்புத் துண்டை வைத்து, கனமான சுத்தியலால் குறைந்த எண்ணிக்கையில் அடியுங்கள். சிறு சுத்தியலால் நூறு அடி கொடுத்தால் முனைதான் விரியும். அடி விழும் பக்கத்துக் கண்ணுக்கு நேர் பின்னால் ஃப்ரேமைத் திடமாக முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியின் பலம் முழுவதும் ஃப்ரேம் துள்ளுவதில் போய்விடும்.

என் தேர்வு சுத்தியல் அல்ல, இழுப்புக் கருவி. ஒரு பக்கம் தண்டின் தலை நுழையுமளவு அகலமான இரும்புக் குழாய்த் துண்டு, அதன் மேல் தடித்த வாஷர், நடுவில் நல்ல எஃகு மரைக்கம்பி, கிரீஸ் பூசிய நட்டு. தண்டு உள்ளே துளையுள்ளதாக இருந்தால் கம்பியை ஊடே செலுத்தலாம்; இல்லையென்றால் அதன் முனை மரையில் ஒரு நீள நட்டால் இணைக்க வேண்டும். முடுக்கி இழுவையை ஏற்றி, அப்படியே விட்டுவிட்டு, சூடு காட்டி, தலையில் ஒரு தட்டு. இழுவையும் சூடும் அதிர்வும் ஒன்றாகச் சேரும்போது வருவது, தனித்தனியாக முயன்றால் வராது. மாலையில் இழுவையில் விட்டது மறுநாள் காலை தானாகத் தளர்ந்து கிடப்பதும் உண்டு.

ஹைட்ராலிக் பிரெஸ்ஸில் ஃப்ரேமை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அழுத்தம் விழும் கண்ணுக்கு நேர் பின்னால் முட்டு இருக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கண்ணை முட்டாக வைத்தால் இரண்டு கண்களும் உள்நோக்கி நசுங்கும். பிறகு புதிய ஸ்விங் ஆர்ம் நுழையாது.

எதுவும் பலிக்கவில்லையென்றால் அறுத்துவிடுங்கள். ஸ்விங் ஆர்முக்கும் ஃப்ரேம் கண்ணுக்கும் இடையிலுள்ள வாஷர் இடைவெளியில் மெல்லிய உலோக ரம்பத் தகட்டை நுழைத்து இரு பக்கமும் தண்டை அறுக்கலாம். ஸ்விங் ஆர்ம் கையோடு வந்துவிடும். கண்களில் மிஞ்சிய சிறு துண்டுகளைப் பிரெஸ்ஸில் தள்ளுவது எளிது. தண்டும் புஷ்ஷும் எப்படியும் மாற்ற வேண்டியவை. ரப்பர் பிணைத்த புஷ் வகையென்றால் ரப்பரை எரிக்காமல் துளையிட்டு எடுத்து, வெளிக் கூட்டை நீளவாக்கில் ரம்பத்தால் கீறி உள்நோக்கி மடக்குங்கள்.

ஸ்டியரிங் தலையிலுள்ள பேரிங் கிண்ணங்கள் வரவில்லை.

எதிர்முனையிலிருந்து நீண்ட எஃகுக் கம்பியைச் செலுத்தி, கிண்ணத்தின் விளிம்பில் வலம் ஒரு தட்டு, இடம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி அடிப்பது வழக்கமான முறை. ஒரே பக்கம் அடித்தால் கிண்ணம் சாய்ந்து துளையை நீள்வட்டமாக்கும். விளிம்பு கம்பிக்குக் கிடைக்காதபடி உள்ளே ஒட்டியிருந்தால் வெல்டிங் உதவும்: கிண்ணத்தின் உள்வட்டத்தில் ஒரு சுற்று வெல்டிங் ஓட்டிவிட்டு ஆறவிடுங்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கிக் கிண்ணத்தையும் சுருக்கும். பெரும்பாலும் விரலால் எடுத்துவிடலாம். பேட்டரி இணைப்பை முன்பே கழற்றிவிடுங்கள்.

ஃபோர்க் குழாய் மேல் யோக்கில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பல பிரிட்டிஷ் ஃபோர்க்குகளில் குழாயின் மேல்முனை கூம்பாக யோக்கில், அதாவது இரு குழாய்களையும் இணைத்துப் பிடிக்கும் பாலத்தில், உட்கார்ந்திருக்கும். மேல் மூடியைச் சில சுற்றுத் தளர்த்தி, கழற்றாமல், கீழ் யோக்கின் இறுக்கு போல்ட்டையும் தளர்த்திவிட்டு, மூடியின் தலையில் கட்டை வைத்து ஒரே பலமான அடி. கூம்பு விட்டுவிடும். கீழ் யோக்கின் பிளவில் ஆப்பு அடித்து அகட்டுவதில் அளவு வேண்டும். வார்ப்பு வெடித்தால் திரும்ப ஒட்டாது.

கிக்கர் கம்பியைத் தண்டோடு பிடிக்கும் காட்டர் பின் (ஆப்பு ஊசி)?

நட்டை முனைக்குச் சமமாக வைத்து, கம்பிக்குக் கீழே கனமான இரும்பு முட்டு கொடுத்து, ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே கியர் பெட்டித் தண்டுக்குப் போய்விடும்.

போல்ட் உடைந்துவிட்டது. இனி?

கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உட்புறத்தை வெல்டிங்கால் நிரப்பி இணைத்துவிடுங்கள். திருப்புவதற்குப் புதிய தலை கிடைக்கிறது. கூடவே வெல்டிங்கின் சூடு துருவை உடைக்கிறது. பெரும்பாலும் இதுவே போதும்.

மட்டத்துக்கு உடைந்திருந்தால் துளையிட வேண்டும். அரத்தால் முகத்தைச் சமமாக்கி, மையத்தில் பஞ்ச் குத்துங்கள். அந்த ஒரு குத்தில் பத்து நிமிடம் செலவழித்தாலும் வீணல்ல. மையம் தவறினால் துரப்பணம் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். இடதுபுறம் சுழலும் துரப்பண முனை கிடைத்தால் அதையே போடுங்கள், துளையிடும்போதே துண்டு கழன்று வந்துவிடுவதுண்டு. சிறிய முனையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, மரையின் அடிவிட்டம்வரை போகலாம். வழக்கமான 8 மி.மீ. மெட்ரிக் மரைக்கு அது 6.8 மி.மீ. மிஞ்சும் மெல்லிய சுருளை ஊசியால் உரித்தெடுக்கலாம்.

எதிர்மரைத் திருகி எனப்படும் உடைந்த போல்ட் எடுக்கும் கருவியை நான் கடைசியில்தான் எடுப்பேன். முழு போல்ட்டே வராத இடத்தில், அதைவிட மெலிந்த ஒன்று உள்ளிருந்து திருப்பி எடுத்துவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. அது உள்ளே உடைந்தால் சாதாரணத் துரப்பணம் அதைத் தொடாது, அவ்வளவு கடினம்.

அலுமினியப் பாகத்துக்குள் எஃகு உடைந்துவிட்டால் வேறு வழி உண்டா?

ஒரு பழைய வழி உண்டு: படிகாரம். கழற்றி எடுக்கக்கூடிய அலுமினிய அல்லது பித்தளைப் பாகத்துக்குள் எஃகு போல்ட்டோ, துரப்பண முனையோ, மேற்சொன்ன திருகியோ உடைந்து சிக்கியிருந்தால், பாகத்தைச் செறிவான படிகாரக் கரைசலில் மூழ்கவைத்துக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக வைத்திருங்கள். எஃகின் மேல் குமிழிகள் வரத் தொடங்கும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், எஃகு கருஞ்சேறாகக் கரைந்துவிடும். அலுமினியத்துக்குக் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை. பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும், இரும்புப் பாத்திரத்தையும் அது தின்னும். துருப்பிடிக்கா எஃகில் இது பலிக்காது.

மின்னாற்பகுப்பு, மொலாசஸ் (கரும்புச் சக்கைப்பாகு) தொட்டி போன்றவை துருவை நீக்கப் பயன்படுமா?

கழன்று வந்த இரும்புப் பாகங்களுக்கு, மிக நன்றாக. சலவைச் சோடா கரைசலில் பாகத்தை எதிர்முனையிலும் (−), பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் (+) இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் துரு உதிரும். முனை மாறினால் கரைவது உங்கள் பாகம். தகடு துருப்பிடிக்கா எஃகாக இருக்கக்கூடாது, நச்சான குரோமியம் கரைசலில் சேரும். ஹைட்ரஜன் வெளிவரும், அருகில் தீ வேண்டாம். சுருள்வில் போன்ற கடினமான எஃகுப் பாகங்களை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியம் சோடாவில் அரிக்கும், மொலாசஸிலும் அரிக்கும். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற தொட்டி மெதுவானது, வாரங்கள் பிடிக்கும், நாற்றம் வேறு. ஆனால் எட்டிப் பார்க்காமலே வேலை நடக்கும்.

ஃப்ரேம் எண் இருக்கும் இடத்தில் என்ன கவனம் தேவை?

பெரும்பாலும் ஸ்டியரிங் தலையில் பொறித்திருக்கும் அந்த எண்தான் வண்டியின் அடையாளம். அங்கே கிரைண்டர், வெல்டிங், மணல் வீச்சு எதுவும் கூடாது. தேய்ந்த எண் பிற்பாடு பதிவு ஆவணங்களில் பெரும் தலைவலி. வேலை தொடங்கும் முன் புகைப்படம் எடுத்து, அந்த இடத்தில் தடித்த ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள்.

மறுபடி பூட்டும்போது இதே கதை நடக்காமல் இருக்க?

மரைகளை மரைவெட்டியால் சுத்தம் செய்து, இறுகல் தடுப்புப் பசை பூசுங்கள். எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் போகும் இடத்தில் செம்பு கலந்த பசையைவிட அலுமினியம் அல்லது நிக்கல் கலந்ததை விரும்புகிறேன். பசை பூசிய மரை வழுக்கும். உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கு விசையை அப்படியே கொடுத்தால் போல்ட் அதிகமாக இழுபடும், ஆகவே குறைத்துக்கொள்ளுங்கள். பிரேக் டிரம்மின் உட்புறத்துக்கு இந்தப் பசை போகக்கூடாது.

துருப்பிடிக்கா எஃகு போல்ட்டுகளுக்கு மாறுபவர்கள் பசையைத் தவிர்க்கவே கூடாது. அந்த உலோகம் தன்னோடு தானே உராய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, புதிய நட்டு புதிய போல்ட்டிலேயே பாதி வழியில் நின்றுவிடும். ஸ்விங் ஆர்ம் தண்டை முழு நீளத்துக்கும் கிரீஸ் தடவிப் போடுங்கள்; பூட்டிய பிறகு நைப்பிள் வழியாக இரு முனையிலும் புது கிரீஸ் வெளிவரும்வரை அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஒரு முனையில் மட்டும் வந்தால் தண்டின் துளை ஏதோ ஓரிடத்தில் இன்னும் அடைபட்டிருக்கிறது. வண்டியை முழுதாகப் பூட்டுவதற்குள் அதைக் கழற்றிச் சரிசெய்வது சுலபம்.